பழைய தேக்குக் கதவில் சாண்டர் மெஷின் போடலாமா? பீடிங் வேலைப்பாடு கெடாமல் பெயிண்ட் எடுக்க வேண்டும்

வாசல்கதவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டு வாசல் கதவைப் பற்றிக் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் கதவு. கதவு, நிலை இரண்டுமே பர்மா தேக்கு. எத்தனை தடவை எனாமல் அடித்திருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. கீல் பக்கம் ஓரிடத்தில் உரிந்து கிடக்கிறது. அங்கே பார்த்தால் மேலே சாக்லேட் கலர், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே வெளிறிய ரோஸ், அப்புறம்தான் மரம். தை மாதம் வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. அதற்குள் பெயிண்டை முழுக்க எடுத்துவிட்டு மரம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டுவிட வேண்டும் என்று ஆசை. ஆள் விட்டுச் செய்ய மனமில்லை, நானே செய்கிறேன்.

125 மி.மீ. ஆர்பிட்டல் சாண்டர் (உப்புத்தாள் டிஸ்க்கால் தேய்க்கிற மெஷின்) ஒன்று வாங்கிவிட்டேன். வெல்க்ரோவில் ஒட்டுகிற டிஸ்க், 60, 120, 220 மூன்று கிரிட்டும் (தாளின் சொரசொரப்பு எண், எண் கூடக் கூட மென்மை) இருக்கின்றன. நடுப்பலகைகள் தட்டையானவை, அங்கே எனக்குப் பயமில்லை. சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு பலகையைச் சுற்றியும் மூன்று படியாக பீடிங் (ஓரத்தில் வரி வரியாக இழைத்த அலங்கார விளிம்பு) ஓடுகிறது, படிக்கும் படிக்கும் நடுவில் இருக்கிற வரம்பு 2 மி.மீ. கூட இருக்காது. நிலையின் இரண்டு பக்கமும் அரைவட்டமாக உருண்டு மேலே போகிறது, உச்சியில் ஒரு தாமரை. இவற்றின் மேல் இந்த மெஷினை ஓட்டலாமா? அல்லது முக்கோணத் தலை உள்ள சின்ன சாண்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டுமா?

எதிர்வீட்டில் போன வருடம் ஒருவர் வந்து கிரைண்டரில் டிஸ்க் மாட்டி இதே மாதிரி ஒரு கதவைத் தேய்த்துக் கொடுத்தார். பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் பீடிங்கில் இருந்த கோடுகள் எல்லாம் மழுங்கிப்போய், தாமரையில் இதழே இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் அதைத் தடவித் தடவிப் பார்ப்பதைப் பார்த்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்கள் கதவுக்கு அந்தக் கதி வரக் கூடாது.

---

உளிச்சத்தம் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தட்டையான இடம் மெஷினுக்கு, வளைவும் வரம்பும் கைக்கு. பீடிங்கில் அந்த ஆர்பிட்டலை வைக்கவே வைக்காதீர்கள், ஓரமாகச் சாய்த்து வைத்தால் என்ன, மெதுவாகத்தானே தொடுகிறேன் என்றெல்லாம் மனசு சொல்லும், கேட்காதீர்கள். டிஸ்க்கின் அடியில் இருப்பது தட்டையான மெத்தை. அது உயரமாக இருப்பதைத்தான் முதலில் தின்னும், பள்ளத்தை எட்டவே எட்டாது. பீடிங்கில் உயரமாக இருப்பது எது? அந்த 2 மி.மீ. வரம்புதான். பள்ளத்தில் பெயிண்ட் அப்படியே இருக்கும், வரம்பு மட்டும் போயிருக்கும். போன வரம்பைத் திருப்பிக் கொண்டுவர எந்த ஆசாரியாலும் முடியாது. அந்தப் பீடிங்கையே கழற்றிப் புதிதாக இழைத்துப் போட வேண்டும். உங்கள் கதவில் அது சட்டத்திலேயே வெட்டியதாக இருக்கும், கழற்றவும் வராது.

எதிர்வீட்டில் நடந்தது ஏன் என்றால், 4 இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரைக்கும் ஒரே அச்சில் சுற்றுகிற மெஷின். இரும்பு வெல்டிங்கைத் தேய்க்கச் செய்தது. டிஸ்க்கின் ஓரம் பட்ட இடத்தில் மரம் கிண்ணம் மாதிரிக் குழிந்துவிடும். பாலிஷ் போட்டு வெயிலில் பார்த்தால் கதவு முழுக்க அலை அலையாகத் தெரியும். ஆர்பிட்டல் அப்படி இல்லை. அது சின்ன வட்டத்தில் ஆடிக்கொண்டே தானாகவும் சுற்றும், அதனால் ஒரே தடத்தில் கீறாது. ஆனால் அது அப்படி வேலை செய்ய வேண்டுமானால் நீங்கள் அழுத்தக் கூடாது. மெஷினின் எடையும் அதன் மேல் வைத்த கையின் எடையும் போதும். அழுத்தினால் டிஸ்க் சுற்றுவது நின்றுபோய் ஆட்டம் மட்டும் மிச்சமாகும், அப்போதுதான் சுருள் சுருளாக ஒரு கீறல் விழும். தூசியில் தெரியாது, பாலிஷ் பட்டதும் அத்தனையும் எழுந்து நிற்கும்.

பலகையில் ஓட்டும்போது மெஷினை மரத்தில் வைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள், எடுக்கும்போது ஓடுகிறபடியே தூக்கிவிட்டு நிறுத்துங்கள். மெதுவாக நகர்த்துங்கள், விநாடிக்கு ஒரு இன்ச் கணக்கு. பார்க்கிறவர்களுக்கு ஆமை வேகமாகத் தோன்றும், அதுதான் சரியான வேகம். பலகை முடிந்து பீடிங் தொடங்குகிற இடத்தில் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள், அந்தக் கரையைக் கையால் பார்த்துக்கொள்ளலாம். பீடிங்கின் மேல் இரண்டு மூன்று சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டிவைத்தால் கை தவறினாலும் ஒரு நொடி அவகாசம் கிடைக்கும்.

கிரிட் விஷயம். உங்களிடம் இருக்கிற மூன்றும் தாவித் தாவிப் போகின்றன. 80, 120, 180 என்று வாங்கிக்கொள்ளுங்கள். 60 தேக்குக்கு வேண்டாம், பெயிண்ட் பிடிவாதமாக இருக்கிற இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 60 போட்ட கீறலை 120 எடுக்கத் திணறும், அதை 220 எடுக்கவே எடுக்காது, சும்மா மேலே வழுவழுப்பாக்கிவிட்டுப் போகும்.

---

ஈரத்துணி எழுதியது:

மேலே ஐயா சொன்னதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் மெஷினை அந்தப் பெயிண்டில் வைப்பதற்கு முன்னால் ஒரு முக்கியமான விஷயம், தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவன்.

பச்சை, அதற்குக் கீழே ரோஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துப் பச்சை எனாமல் பலவற்றில் ஈயக் குரோமேட் மஞ்சளோடு நீலத்தைக் கலந்துதான் பச்சை செய்தார்கள். ரோஸ் நிற வுட் பிரைமரிலும் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று விதி போட்டதே 2016இல்தான், அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல். அதற்கு முன்னால் அடித்த எந்தப் பழைய எனாமலிலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் புத்திசாலித்தனம்.

சாண்டர் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கெட்டியாக மரத்தில் ஒட்டிக்கொண்டு யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்த ஈயத்தை மாவாக அரைத்து வீடு முழுக்கப் பறக்கவிடும். மெஷினோடு வருகிற துணிப்பை பெரிய தூளைத்தான் பிடிக்கும், நுண்ணிய தூள் துணி வழியாகவே வெளியே வந்துவிடும். அது திண்ணையில் படியும், முற்றத்தில் படியும், தவழுகிற குழந்தை அதில் கையை வைத்து வாயில் வைக்கும். ஈயத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று பாதுகாப்பான அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும். விசேஷ வீடு என்கிறீர்கள், பிள்ளைகள் வந்து போகும் வீடு.

ஆகவே பெயிண்டை உலர்வாக மெஷினில் எடுக்காதீர்கள். பெயிண்ட் ரிமூவர் ஜெல்லைத் தடவி இளக்கிச் சுரண்டி எடுங்கள், மிச்சத்தை வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துக் கையால் தேயுங்கள். பெயிண்ட் முழுக்கப் போய் வெறும் மரம் தெரிந்த பிறகு, மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, மெஷினை எடுங்கள். தண்ணீரும் கரண்ட் மெஷினும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வேண்டாம்.

சுரண்டும்போது பி100 ஃபில்டர் (நுண்ணிய தூளையும் தடுப்பது) போட்ட ரப்பர் மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் எதற்கும் உதவாது. கீழே தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுத்து அந்தத் துணியையும் சுரண்டிய பெயிண்டையும் ஒன்றாகக் கட்டித் தனியே வையுங்கள், வீட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிடக் கூடாது. வேலைச் சட்டையோடு உள்ளே போய்ப் பிள்ளைகளைத் தூக்காதீர்கள், குளித்துவிட்டுப் போங்கள்.

வெறும் மரத்தூளும் நல்லதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது, மூக்கு, சைனஸ் பகுதிதான் பாதிக்கப்படும். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் தும்மலும் கொண்டுவரும். மெஷின் ஓடும்போது குறைந்தபட்சம் என்95 இருக்கட்டும்.

---

வாசல்கதவு எழுதியது:

ஈயம் பற்றி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. மிகவும் நன்றி, அந்த ரோஸ் கலரை நகத்தால் சுரண்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளை வேலை முடியும் வரை மாமியார் வீட்டில் விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம்.

இரண்டு கேள்வி. எங்கள் ஊர்ப் பெயிண்டர் ஒருவர், ரிமூவர் எல்லாம் வீண் செலவு, காஸ்டிக் சோடாவைக் கரைத்து அடித்தால் ஒரே நாளில் வழித்து எடுத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா? ப்ளோ லேம்பில் (தீயை ஊதும் விளக்கில்) சுட்டு எடுப்பதாகவும் சொன்னார். அப்புறம், பீடிங்கைக் கையால்தான் தேய்க்க வேண்டும் என்றால் எதை வைத்து, எப்படித் தேய்ப்பது? உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்துப் பார்த்தேன், விரல் நுனி பள்ளத்துக்குள் நுழையவே இல்லை.

---

மரக்கடைத்தெரு எழுதியது:

ப்ளோ லேம்ப் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஈயம் புகையாகவே வரும், தேக்கும் கருகும். ஆனால் ஹீட் கன் (தீ இல்லாமல் சூடான காற்றை ஊதும் மெஷின்) வேறு விஷயம். சூட்டை 400 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்துக்கொண்டால் பெயிண்ட் கொப்புளித்து எழும், உடனே சுரண்டினால் பட்டை பட்டையாக வரும், தூளே பறக்காது. சூடு கூடக் கூட ஈயம் ஆவியாகிற ஆபத்தும் கூடும், அதனால் உச்சத்தில் வைத்து ஓட்டாதீர்கள். தட்டைப் பலகைக்கு ரிமூவரைவிட இது வேகம். ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கதவுக்கு மேல் கண்ணாடி இருந்தால் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

முக்கோணத் தலை மெஷின் கேட்டிருந்தீர்களே, ஐயாவோடு நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பலகையின் நான்கு மூலைக்கு அது அருமையான சாமான், வட்ட டிஸ்க் மூலைக்குள் போகாது, அது போகும். மல்டி டூல் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதன் முக்கோணத் தகட்டிலேயே உப்புத்தாள் ஒட்டலாம், தனி மெஷின் வேண்டாம். பீடிங் வரம்பில் வைக்கக் கூடாது என்பதில் எனக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

இன்னொன்று, டிரில்லில் மாட்டுகிற உப்புத்தாள் பிரஷ் கிடைக்கிறது, கீற்றுக் கீற்றாக வெட்டிய தாளும் நைலான் முடியும் கலந்தது. அது பள்ளத்துக்குள் நுழைந்து தேய்க்கும். 120க்கு மேல் மென்மையானதாக வாங்கி, டிரில் வேகத்தைக் குறைத்து, நிலையின் அந்த உருண்டைப் பகுதிக்குப் பயன்படுத்தலாம். தாமரைக்கு வேண்டாம்.

---

உளிச்சத்தம் எழுதியது:

மூலைக்கு முக்கோணத் தலை, சரி, ஒப்புக்கொள்கிறேன். டிரில் பிரஷ்ஷை மட்டும் முதலில் ஏதாவது துண்டு மரத்தில் ஓட்டிப் பழகிவிட்டுக் கதவுக்கு வாருங்கள். அதுவும் வரம்பை மழுக்கும், மெதுவாக மழுக்கும் என்பதுதான் வித்தியாசம்.

காஸ்டிக் சோடா தேக்குக்கு எதிரி. பெயிண்டை எடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மரம் கறுத்துப்போகும், நார் எல்லாம் பஞ்சாக எழுந்துவிடும், கழுவினாலும் இடுக்கில் இருக்கிற சோடா போகாது. பீடிங் இடுக்கில்தான் அது போய் உட்காரும். பிறகு நீங்கள் போடுகிற பாலிஷ் அந்த இடத்தில் மாதக்கணக்கில் வெளுத்து உரிந்துகொண்டே இருக்கும். இரும்பு கிரில்லுக்கு அடித்துப் பழகியவர்கள் மரத்துக்கும் அதையே சொல்வார்கள்.

ரிமூவரைக் கெட்டியாகத் தடவி மேலே பாலித்தீன் தாளைப் போர்த்திவிடுங்கள், காயாமல் இருந்தால்தான் அடிக்கோட் வரைக்கும் இறங்கும். காற்று வராமல் அடைத்த அறையில் செய்யாதீர்கள், அதன் நெடி தலையைச் சுற்றும். ரப்பர் கையுறை போடுங்கள். இளகிய பெயிண்டைப் பள்ளத்திலிருந்து எடுக்க இரும்புத் தகடு வேண்டாம், மூங்கில் குச்சியைச் சாய்வாகச் சீவிக்கொள்ளுங்கள், பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷும் போதும். தாமரைக்கு இது மட்டும்தான். கடைசியில் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

இப்போது கையால் தேய்க்கிற விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். விரலை நம்பாதீர்கள். விரல் மெத்தென்று இருப்பதால் வரம்பின் இரண்டு பக்கமும் வழிந்து அதை உருட்டிவிடும். பீடிங்கின் அச்சுக்கே ஒரு கட்டை செய்துகொள்ள வேண்டும். பெயிண்ட் எடுத்து முடித்த பீடிங்கில் நன்றாக இருக்கிற ஒரு சாண் நீளத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் மெல்லிய பாலித்தீனை ஒட்டினாற்போல் போர்த்துங்கள். எம்-சீல் (பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் மக்கு) பெரிய பாக்கெட் வாங்கிப் பிசைந்து ஒரு மரத்துண்டின் அடியில் அப்பி, அதைப் பீடிங்கின் மேல் வைத்து அழுத்திவிட்டு, இறுகும் வரை விட்டுவிடுங்கள். எடுத்தால் மூன்று படியும் தலைகீழாக அதில் பதிந்திருக்கும். 120 உப்புத்தாளை ஈரம் படாமல் அதன் மேல் மடித்து, பீடிங் ஓடுகிற திசையிலேயே முன்னும் பின்னும் இழுங்கள். குறுக்கே ஒரு இழுப்புகூடக் கூடாது. வரம்பு அப்படியே கூர்மையாக நிற்கும். தாளின் கனம் இடத்தை அடைக்கும் என்பதால் முதலில் இறுக்கமாக இருக்கும், கட்டையின் பள்ளத்தை லேசாக அரத்தால் ராவிவிட்டால் சரியாகிவிடும்.

உள்பக்கம் மூலையில் இரண்டு பீடிங் சேருகிற இடத்தில் இந்தக் கட்டை நிற்காது. அங்கே என் அப்பா செய்கிற மாதிரித்தான் நானும் செய்கிறேன். பழைய ஹாக்ஸா பிளேடு ஒரு துண்டை எடுத்து, அந்தப் பீடிங்கின் வளைவுக்குத் தகுந்த மாதிரி நுனியைத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தன் பக்கமாக இழுத்தால் மெல்லிய சுருள் சீவல் வரும். தூள் வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம், மறுபடி தீட்டுங்கள். முன்பு எல்லாம் உடைந்த கண்ணாடிச் சில்லை வைத்து இதே வேலையைச் செய்வார்கள், நிலையைச் சில்லால் சுரண்டிவிட்டுத்தான் பாலிஷ்காரரைக் கூப்பிடுவோம்.

அரைவட்ட உருண்டைக்குத் துணி எமரியை நீளக் கீற்றாகக் கிழித்து, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து மாற்றி மாற்றி இழுங்கள். வட்டம் கெடாது. கீறல் குறுக்கே விழும், அதனால் அடுத்த கிரிட்டில் மேலிருந்து கீழாக, ரேகை ஓடுகிற திசையில், கையாலேயே எடுத்துவிட வேண்டும். பின்னால் வைத்துப் பிடிக்கப் பழைய ஹவாய் செருப்பின் ரப்பரை ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவு பொருத்தமான மெத்தை கடையில் கிடைக்காது.

---

இழைத்தூள்_கோவை எழுதியது:

அண்ணா, நான் வீட்டிலேயே சின்னச் சின்னதாக மரவேலை செய்பவள், ஆர்பிட்டல் மெஷினோடுதான் என் பாதி நேரம் போகிறது. அதை ஓட்டுவது பற்றி மட்டும் சில விஷயங்கள்.

ஒவ்வொரு கிரிட் தொடங்கும்போதும் பலகை முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் லேசாகக் கிறுக்கிவிடுங்கள். கிறுக்கல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மறையும் வரை ஓட்டுங்கள். மறைந்துவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. இல்லையென்றால் பிடித்த இடத்திலேயே கை சுற்றிக்கொண்டிருக்கும், மூலை அப்படியே விட்டுப்போகும். அடுத்த கிரிட்டுக்குப் போகும் முன் தூளைத் துடைத்தே ஆக வேண்டும். 80இலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு மணல் 180இன் அடியில் மாட்டிக்கொண்டால் போதும், நீளமாக ஒரு கீறல் போட்டுவிடும்.

பிறகு இரவில், வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கதவோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணாடி மாதிரித் தெரிந்த பலகையில் சுருள் கீறல் ஒவ்வொன்றும் நிழலோடு தெரியும். தின்னரைத் துணியில் நனைத்து ஒரு துடைப்பு துடைத்தாலும் பாலிஷ் போட்ட பிறகு எப்படி இருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் அந்தத் துடைப்பு எப்படியும் தேவை, துடைத்துக் காய்ந்ததும் சீலர் (பாலிஷுக்கு முன் மரத் துளையை அடைக்கும் முதல் கோட்) போட்டால்தான் நன்றாகப் பிடிக்கும்.

கதவுச் சட்டத்தில் குறுக்குச் சட்டமும் நெடுஞ்சட்டமும் சேருகிற இடத்தில் ரேகை திசை மாறுகிறதல்லவா, ஆர்பிட்டலுக்கு அது பிரச்சினை இல்லை, இரண்டின் மேலும் ஓடலாம். ஆனால் மெஷின் வேலை எல்லாம் முடிந்தபின் 180 தாளைக் கட்டையில் சுற்றி, முதலில் குறுக்குச் சட்டத்தை அதன் ரேகைப்படி, அடுத்து நெடுஞ்சட்டத்தை அதன் ரேகைப்படி கையால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். மெஷின் விட்ட கொஞ்சநஞ்சச் சுருளும் ரேகையோடு கலந்து மறைந்துவிடும். எண்ணெய்ப் பாலிஷ் என்றால் 180இல் நிறுத்திக்கொள்ளலாம், பி.யூ. (பாலியூரிதேன்) என்றால் 220 வரை போகலாம். அதற்கு மேல் மரத்தை வழவழவென்று ஆக்கினால் ஸ்டெயின் (மரச்சாயம்) உள்ளே இறங்காது.

டிஸ்க்கில் பிசுக்கு அடைத்துக்கொண்டால் தூக்கிப் போடாதீர்கள், கிரேப் ரப்பர்ச் செருப்பின் அடிப்பாகத்தை ஓடுகிற டிஸ்க்கில் பிடித்தால் பிசுக்கை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மெஷினை வாக்வம் கிளீனரோடு இணைக்க முடிந்தால் டிஸ்க்கின் ஆயுள் நன்றாகவே கூடும். டிஸ்க்கில் இருக்கிற ஓட்டையும் மெத்தையில் இருக்கிற ஓட்டையும் நேருக்கு நேர் இருக்கிறதா என்று ஒட்டும்போது பாருங்கள், தப்பாக ஒட்டினால் தூளை உறிஞ்சவே உறிஞ்சாது.

ஒரு எச்சரிக்கை. ஆளி விதை எண்ணெய் போடுவதாக இருந்தால், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

---

வாசல்கதவு எழுதியது:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ரிமூவர், ரப்பர் மாஸ்க், 80, 120, 180 டிஸ்க் எல்லாம் பட்டியல் எழுதி வாங்கப் போகிறேன். பலகைக்கு ஹீட் கன், பீடிங்குக்கும் தாமரைக்கும் ரிமூவர் என்று பிரித்துக்கொள்கிறேன். எம்-சீல் கட்டை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதை முதலில் ஜன்னல் ஒன்றில் செய்து பார்க்கிறேன்.

உளிச்சத்தம் ஐயா, ஒன்று விட்டுப்போனது. கதவின் குறுக்குச் சட்டங்களில் வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள் இருக்கின்றன, அவற்றின் மேலும் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். கழற்றிவிட்டுச் சட்டத்தில் மெஷின் ஓட்டவா, அப்படியே விட்டு ஓட்டவா?

---

உளிச்சத்தம் எழுதியது:

கழற்றாதீர்கள் தம்பி. பழைய குமிழின் ஆணியைப் பின்பக்கம் மடக்கி அடித்திருப்பார்கள், நெம்பினால் சட்டம் சிலும்பும். பித்தளையும் வளைந்துபோகும். அவற்றின் மேல் இருக்கிற பெயிண்ட் அதே ரிமூவருக்கு வந்துவிடும்.

குமிழ் இருக்கிற சட்டத்தில் மெஷினைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். டிஸ்க் குமிழில் பட்டால் தாள் கிழியும், அது பரவாயில்லை, பித்தளைத் தூள் தேக்கு ரேகைக்குள் போய்ப் புதைந்துவிட்டால் கறுப்புக் கறையாக நிற்கும், எடுக்க முடியாது. பழைய டின் தகட்டில் குமிழ் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு அதைக் குமிழில் மாட்டிவிட்டு, சுற்றிலும் கையாலேயே தேயுங்கள். தகட்டின் ஓரத்தை மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அதுவே மரத்தில் கோடு போடும். தகட்டுக்கு அடியில் தேய்க்காமல் விட்டுப்போகிற சின்ன வளையத்தை, தகட்டை எடுத்தபின் 180 தாளை மடித்து அதன் மடிப்பு முனையால் எடுத்துவிடலாம்.

குமிழைப் பளபளப்பாக்குகிற வேலையை மரத்துக்குச் சீலர் போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை பாலிஷ் வெறும் மரத்தில் பட்டால் ரேகைக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும், எப்படித் துடைத்தாலும் போகாது. சீலர் ஒரு கோட் இருந்துவிட்டால் ஈரத்துணியில் வந்துவிடும்.